பேர் போடும் இரவு

தலவாக்கலை. ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
பெயின்ட் வாளிகளின் தலைக்கு மேலே
எங்கள் மூன்று சேர்வர்கள்.
பனி உள்ளே வந்து கேபிளில் உட்காருதென்று
ஜன்னலுக்கு ஆணியடித்துவிட்டார் முதலாளி.

இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது.
இரண்டாவது மெஷின் எழும்பவில்லை.
அதில் ஓடிய கொழுந்து நிறுவையை
ஓர்க்கஸ்ட்ரேட்டர் தூக்கி மூன்றாவதில் போட்டது,
புது போர்ட் இலக்கத்தோடு,
எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

சொல்லத்தான் சொன்னது.
கேட்கத்தான் ஆளில்லை.
வாசலில் நிற்கிற ப்ரொக்ஸி
மாசியில் நான் கையால் எழுதிக் கொடுத்த விலாசத்தையே
தட்டிக்கொண்டு நின்றது.
ஐந்நூற்றி இரண்டு. ஐந்நூற்றி இரண்டு.
ஆள் குடிபோன காம்பிராவின் கதவு.

"புது ஐபியை எழுதிட்டுப் படுங்க அக்கா"
கண்டியிலிருந்து டிலுக்ஷன், கொட்டாவிக்கு நடுவே.
எழுதலாம்.
அடுத்த இடிக்கு மறுபடியும் எழுதலாம்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பிராவுக்கும்
ஒரே விலாசம்:
பெயர், டிவிசன், தோட்ட ஆபிஸ்.
அதற்குப் பிறகு கிளாக்கரின் ஞாபகம்.
பதுளையில் எனக்கு நேர்முகம் என்று வந்த கடிதம்
கீழ் டிவிசனில் இன்னொரு புவனலோஜினியிடம்
பதினொரு நாள் இருந்தது.
கைக்கு வந்தபோது அதன் பின்பக்கம்
அவள் மகன் ஏழாம் வாய்ப்பாடு எழுதியிருந்தான்,
ஏழெட்டு ஐம்பத்துநாலு.

கோப்பை அழித்தேன்.
இனி விலாசம் எழுதித் தருவதில்லை.
ப்ரொக்ஸியே போய்ப் பெரட்டில் நிற்கட்டும்.
யாரை எந்த மலைக்கு அனுப்பினாய் என்று
பேர் போடுகிறவனிடமே கேட்கட்டும்,
பதினைந்து விநாடிக்கு ஒருதரம்.

தொடக்கினேன்.
பட்டியல் வெறுமை.
ஒரு பிழை இல்லை, ஒரு சிவப்பு வரி இல்லை.
புள்ளி தப்பியதோ, அடைப்புக்குறி தப்பியதோ என்று
மூன்றேகால் வரை தேடினேன்.

கேட்கப் போனவன் கையில் துண்டு இல்லை.
துண்டில்லாமல் வருகிறவனை
ஓர்க்கஸ்ட்ரேட்டர் திட்டுவதில்லை, விரட்டுவதில்லை,
இங்கே ஒருத்தருமில்லை என்று
மரியாதையாகச் சொல்கிறது.

டோக்கன் ஒன்று வெட்டினேன்: வாசிக்க மட்டும்.
ஆளை நிறுத்தவோ மாற்றவோ முடியாது.
கதவில் நிற்கிறவனுக்கு அவ்வளவு போதும்.

பெயர்கள் வந்தன.
நிறுவை. சம்பளத் துண்டு. அட்வான்ஸ் கணக்கு.
உரமூட்டை. பிறகு, யாருக்கும் தெரியாமல்,
போன வருஷம் நான் சோதனைக்குப் போட்டு மறந்த ஒன்று,
வணக்கம் என்று மட்டும் சொல்லத் தெரிந்தது,
எட்டு மாதம் யாரும் கூப்பிடாமல்
ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆகையால் இன்னொரு வரி தேவைப்பட்டது:
சீட்டு ஒட்டாத சேவையை வாசலில் காட்டாதே.
அதை எழுதுகையில் விரல் நின்றது.
ஒட்டாதது உள்ளே ஓடும், வேலை செய்யும்,
சூடாகும்;
வெளியிலிருந்து பார்த்தால் இல்லை.
பாதுகாப்பு அதுதான். எவரும் அதைத்தான் சொல்வார்.
எழுதினேன்.

பிறகு, நம்பாமல்,
மூன்றாவது மெஷினின் பிளக்கை நானே பிடுங்கினேன்.
இருக்கியா?
இருக்கியா?
பதில் இல்லை, பேர் அடிபட்டது.
நிறுவை முதலாவது மெஷினில் எழும்பியது.
இங்கே அரைப்பேர் கிடையாது.
பத்தொன்பது விநாடியில் வாசல் அதைக் கண்டுகொண்டது.
அந்தப் பத்தொன்பதில் நான் மூச்சு விட்டேனா, தெரியாது.

ஆறரைக்கு முதல் தராசு பேசியது:
லிந்துலைப் பக்கம் யாரோ,
பன்னிரண்டு கிலோ எண்ணூறு.

கீழே ஷட்டர் ஏறியது. கடைப் பையன்
படியில் பார்சலோடு நின்றான்,
போன கிழமை கேட்ட யூபிஎஸ் பற்றரி.
மேலே எழுதியிருந்தது இவ்வளவுதான்:
ஹார்ட்வெயாருக்கு மேல, அக்கா, தலவாக்கலை.

"பேர் போடல்லையே, உங்களுக்குத்தானா?" என்றான்.
கையெழுத்துப் போட்டேன்.